நாத்தனாருக்கு வந்த கட்டி

தாம்பரத்தில் காலி வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வழியில் ஏறப்போகும் சிநேகிதிகளுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். மகளிர் பெட்டியில் காந்திமதி இதைப் பல வருஷமாகச் செய்துவந்தாள். ஜன்னலோரம் தான் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் குடையையும் எதிரில் சாப்பாட்டுக் கூடையையும் வைத்துவிடுவாள். சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் குடையைப் பார்த்து முறைப்பார்கள். அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முறைப்புக்கெல்லாம் அசைந்து கொடுத்தால் தினமும் மெட்ராஸுக்குப் போய் உத்தியோகம் பார்க்க முடியாது.

குடை இருக்கிற இடம் சாமுண்டீஸ்வரிக்கு. குரோம்பேட்டையில் ஏறுவாள், பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு பாங்கில் கிளார்க். கூடை இருக்கிற இடம் தனத்துக்கு. பல்லாவரத்தில் ஏறுவாள், மாம்பலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காந்திமதிக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போனதென்பது விசேஷங்களுக்கு மட்டும்தான். ஆனால் யார் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, யார் மாமியாருக்கு எந்தக் கால் வீங்கியிருக்கிறது, யார் வீட்டு மாடியில் ஒழுகுகிறது என்பதெல்லாம் மூவருக்கும் அத்துபடி. மாம்பலத்தில் தனம் இறங்குவதற்குள் மூன்று வீட்டுச் செய்தியும் முடிந்தாக வேண்டும் என்பதால் யாரும் பேச்சை வளர்ப்பதில்லை. வாசித்துவிட்டு மடித்து வைக்கிற பேப்பர் மாதிரி சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. சாமுண்டீஸ்வரி தன் வீட்டுக்காரரின் மூலவியாதியைச் சொல்லி முடித்திருந்தாள். தனம் தன் வீட்டுச் சுவரில் விட்டிருக்கும் விரிசலைச் சொல்லி முடித்திருந்தாள். காந்திமதியின் முறை வந்தது. படப்பையில் இருக்கிற தன் நாத்தனாருக்கு மார்பில் கட்டி என்றும், ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் அது கெட்ட கட்டிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

கட்டி நாத்தனாருக்கு இல்லை. காந்திமதிக்குத்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அந்த லேடி டாக்டர் முகத்தை மாற்றிக்கொள்ளாமல்தான் சொன்னாள். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் தனக்குப் பொறுப்பில்லை என்றாள். வெளியே வந்த காந்திமதி, அழுகை வரும் என்று பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. பஸ்தான் வந்தது. ஏறி வீட்டுக்குப் போய் அரிசி களைந்து உலையில் போட்டாள். அன்றைக்கு மரத்துப்போன மனசுக்குப் பிறகு எதுவும் உறைக்கவில்லை. இன்னொரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பார்க் ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். அவர்களும் பார்த்துவிட்டு அதையே சொல்லி, தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை வந்து படுத்துவிடச் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். போவேன் என்றும் நினைக்கவில்லை, போகமாட்டேன் என்றும் நினைக்கவில்லை.

வீட்டுக்காரர் ஜெயவேலுவிடம் அவள் சொல்லவில்லை. அவர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன்தான், ஆனால் கண்ணீரைக் கையிலேயே வைத்திருப்பவர். அம்மா செத்தபோது ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவர். ஒரே பெண்ணைச் சேலத்தில் கட்டிக்கொடுத்து ரயிலேற்றிய அன்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டவர். இரும்புலியூரில் பாதி கட்டிய வீட்டில், பூச்சு வேலை முடியாமலே குடியேறி, சாயந்திரங்களில் அவரே கரணையைப் பிடித்துப் பூசிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் கரணையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், பிறகு அவரைத் தூக்கி நிறுத்துவது யார் என்பதுதான் காந்திமதியின் கணக்கு. தன்னைத் தூக்கி நிறுத்துவது யார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சிநேகிதிகளிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று வாயைத் திறந்தாள். 'எனக்கு' என்று சொல்ல வந்தாள். 'நாத்தனாருக்கு' என்று வந்துவிட்டது. சொன்னதும் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவில் ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாத்தனார் கங்கையம்மாளுக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கங்கையம்மாள் ஜெயவேலுவுக்கு அக்கா. படப்பையில் காலங்காலமாக நிலபுலத்தோடு இருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம். இரும்புலியூர் வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போட்ட அன்று, லீவு கிடைக்காமல் காந்திமதி ஆபீஸுக்குப் போய்விட்டாள். வேலையாட்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு சொல்லியிருந்தாள். காங்கிரீட் போடுகிற நாளில் வீட்டுக்காரி தன் கையால் பரிமாறுவது வழக்கம். படப்பையிலிருந்து வந்திறங்கிய கங்கையம்மாள், கொத்தனார் சித்தாள் எல்லாரும் கேட்க, வூட்டுக்காரி இல்லாத வூட்டுக்குக் கூரை எதுக்கு என்று கேட்டுவிட்டாள். சாயந்திரமே அது ஒன்றுக்குப் பத்தாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டாதவளின் தலையில் ஒரு வியாதியைத் தூக்கி வைப்பது சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் பொய்க்கு ஒரு விலாசம் வேண்டியிருந்தது. படப்பையில் எங்கே என்று சாமுண்டீஸ்வரி உடனே கேட்டாள். சந்தைக்குப் பின்பக்கம், ரைஸ் மில்லை ஒட்டின மாடி வீடு, வீட்டுக்காரர் சம்பந்தம் உரக்கடை வைத்திருக்கிறார் என்று காந்திமதி ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜம்.

பிறகு ஒவ்வொரு வாரமும் கங்கையம்மாளின் கட்டி அந்தப் பெட்டியில் பயணம் செய்தது. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்று தனம் ஒரே பிடியாக நின்றாள். அவள் அத்தைக்கும் இதேதான் வந்ததாம், எடுத்துப் போட்டார்களாம், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாளாம். சாமுண்டீஸ்வரி ஒப்புக்கொள்ளவில்லை.

"கத்தி பட்டா பரவிடும். எங்க சித்தி அப்படித்தான் போனாங்க. பேசாம நாட்டு மருந்து குடுத்துப் பாக்கச் சொல்லு, அவங்க விதி இருக்கிற மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

அடுத்தவர் நாத்தனாரைப் பற்றிய பேச்சுதானே. வார்த்தையைப் பொறுக்கிப் போட வேண்டிய அவசியமில்லை. பாவம் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்களா என்று சாமுண்டீஸ்வரி ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள், கடைசியில் ரொம்ப வலி இருக்கும் என்றும், எலும்புக்குப் போய்விட்டால் அவ்வளவுதான் என்றும் விவரமாகச் சொன்னாள். காந்திமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரிதான் இருந்தது. இரண்டு பேர் சொன்னதில் சாமுண்டீஸ்வரி சொன்னதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிற யோசனைக்கு எப்போதுமே கனம் குறைவு.

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை புயல் வந்தது.

இரும்புலியூர் வீட்டு ஜன்னல்களுக்கு இன்னும் கதவு போடவில்லை. ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். விடியும்போதே முன்னறைப் பலகை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஜெயவேலு ஒரு கட்டில் பலகையை எடுத்து ஜன்னலில் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றார். தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. காந்திமதி முறத்தால் வாரி வாரிப் பின்பக்கம் கொட்டினாள். பக்கத்து மனையில் யாருடைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ வந்து விழுந்து நொறுங்கியது. நடுப்பகலில், குனிந்து தண்ணீர் வாரும்போது, இந்நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு நினைப்பு வந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறத்தை வாரினாள். அவளுக்குப் பதறவில்லை. சொல்கிற நமக்குத்தான் பதறுகிறது.

ரயில் ஓட ஆரம்பித்து, தீபாவளியும் கழிந்து, மூவரும் சந்தித்தபோது புயல் செய்தியே கிண்டிவரைக்கும் நீண்டது. சாமுண்டீஸ்வரி வீட்டுத் தென்னை அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்து, இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சில்லை. தனம் வீட்டு விரிசல் விட்ட சுவர் அசையாமல் நின்றுவிட்டது. நன்றாக இருந்த காம்பவுண்டுச் சுவர்தான் படுத்துவிட்டது. கிண்டி தாண்டியதும் தனம் நாத்தனாரை விசாரித்தாள். புயலில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்றாள் காந்திமதி. வேறு தேதி வாங்கினார்களா என்று தனம் கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மனுஷங்க அவங்க? தென்னை விழுந்தா தூக்கி வச்சுக்கலாம். இதை யாரு தூக்கி வைக்கிறது?"

கடவுளே தடுத்திருக்கிறார் என்றாள் சாமுண்டீஸ்வரி. மாம்பலம் வந்துவிட்டது. தனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அப்போதெல்லாம் தாம்பரத்தைச் சுற்றி நஞ்சையும் புஞ்சையும் மனைகளாகிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் மனை விற்கிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் வேன் வைத்து ஆட்களை ஏற்றிப் போய்க் காட்டுவார்கள். கூப்பிட்டுப் போவதும் இலவசம், மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலமும் இலவசம். தென்னை தகராறுக்குப் பிறகு சாமுண்டீஸ்வரிக்குக் குரோம்பேட்டையே பிடிக்கவில்லை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தனத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டு படப்பைப் பக்கம் மனை பார்க்கப் போனாள். காந்திமதிக்கு இது தெரியாது.

மறுநாள் குரோம்பேட்டையில் ஏறும்போதே சாமுண்டீஸ்வரியின் முகத்தில் செய்தி இருந்தது. ஆனாலும் தனம் ஏறும்வரைக்கும் அடக்கி வைத்திருந்தாள். பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். மனை ஒன்றும் சரியில்லையாம், கணுக்கால் தண்ணீர். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு, வியாதிக்காரியை எட்டிப் பார்க்காமல் வந்தால் நன்றாயிருக்குமா? படப்பை சந்தைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, ரைஸ் மில்லை விசாரித்துப் போய்விட்டார்களாம். காந்திமதி சொன்ன அடையாளம் அத்தனையும் அப்படியே இருந்ததாம்.

காந்திமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி பல்லாவரத்தை விட்டுக் கிளம்பியிருந்தது.

கங்கையம்மாள் வாசலில் புழுக்கிய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாளாம். காந்திமதியின் சிநேகிதிகள் என்றதும் முகம் ஒரு மாதிரி ஆனதாம். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு வந்தோம் என்றதற்கு, யாருக்கு என்று கேட்டாளாம். தனம்தான் மெதுவாக, உங்களுக்குத்தான், மார்பில் கட்டி என்று காந்திமதி சொன்னாளே என்றாளாம். கங்கையம்மாள் நெல்லை இன்னும் இரண்டு தடவை காலால் துழாவினாளாம். பிறகு காலைக் கழுவிக்கொண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆமாம் எனக்குத்தான் என்றாளாம்.

அதற்கப்புறம்தான் பாவமாக இருந்தது என்றாள் தனம். அதிர்ச்சியில் அந்த அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டிருக்கிறது. காந்திமதி இன்னா சொன்னா, எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னா, டாக்டர் இன்னா சொன்னாராம் என்று தன் வியாதியைப் பற்றி இவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தாளாம். இவர்களும் புயலில் தேதி தவறிப்போனது வரைக்கும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று சாமுண்டீஸ்வரி கேட்டதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னாளாம், வலது பக்கம் என்று.

காந்திமதியின் கை தன் இடது பக்கம் போய், புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியது. நீ சொன்ன மாதிரி பொல்லாதவளாகத் தெரியவில்லை, நீயே ஒரு நடை போய்ப் பார் என்று சொல்லிவிட்டுத் தனம் இறங்கினாள். நுங்கம்பாக்கம் வந்தது, போனது. காந்திமதி எழுந்திருக்கவில்லை. உன் ஸ்டேஷன் போய்விட்டதே என்று சாமுண்டீஸ்வரி சொன்ன பிறகு சேத்துப்பட்டில் இறங்கி எதிர் வண்டிக்கு நின்றாள். பயமாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை. லேட்டாகப் போவதற்கு என்ன காரணம் சொல்வது என்று மட்டும் யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் படப்பை வழியாக வரும் வாலாஜாபாத் பஸ்ஸில் கங்கையம்மாள் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. காங்கிரீட் அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. பூசிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தனக்கு மார்பில் கட்டி, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். காந்திமதி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயவேலு அழுதார். காந்திமதி நினைத்துவைத்திருந்த மாதிரியேதான், கையில் சிமெண்டோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். தனக்காக அழும்போது எப்படி இருக்கும் என்பதை அவள் அப்படியே பார்த்துவிட்டாள். ஆனால் அவள் நினைக்காத ஒன்று அதற்கப்புறம் நடந்தது. அழுது முடித்துவிட்டு அவர் எழுந்துபோய் முகம் கழுவினார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குப் படுக்க வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமா, வேண்டுமானால் கம்பெனியில் நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு காந்திமதியைப் பார்த்துச் சொன்னார்.

"லீவு போடு. அக்காகூட நீதான் இருக்கணும். பழசெல்லாம் மனசுல வச்சுக்காத."

அவர் மறுபடியும் வாசலுக்குப் போனதும் கங்கையம்மாள் சமையலறைக்குள் வந்தாள். காந்திமதி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் கங்கையம்மாள்.

"இடது."

"நான் வலதுன்னு சொல்லிட்டேன். இன்னா பண்றது, நீ சொல்லிக்குடுக்கல."

பால் பொங்கி வந்தது. காந்திமதி இறக்கி வைத்தாள்.

"ஏன்டி என் மேல போட்ட?"

"வேற யாரும் வாய்ல வரலக்கா."

"வாய்ல வரலியா, மனசு ஆறலியா?"

காந்திமதி அடுப்பை அணைத்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தைக்கு வேண்டிய உணர்ச்சியை உள்ளே தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கங்கையம்மாள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு டம்ளரை எடுத்துக் கழுவியபடி பேசினாள்.

"அவங்க ரெண்டு பேரும் போனப்பறம் உன்னிய அடிச்சிக் கொல்லணும்னு வந்துச்சி. நெல்லைக்கூட அள்ளாம அப்டியே குந்திகினு இருந்தேன். அப்பால யோசிச்சேன், இவ்ளோ வெவரமா இன்னொருத்தி வியாதி யாருக்குத் தெரியும்? சரி, எனக்கே இருந்துட்டுப் போவட்டும். ஆஸ்பத்திரி வாசப்படி வரிக்கும் எனக்குத்தான். அதுக்கு அப்பால நீ பாத்துக்க."

"அவர்கிட்ட?"

"என் தம்பி ஒரு தபா அழுதுட்டான், பாத்தல்ல? ஒடைஞ்சிடல. மீதிய நீதான் சொல்லணும். உன் ஒடம்பு."

வியாழக்கிழமை காந்திமதி தாம்பரத்தில் மூன்று இடம் பிடித்தாள். ரத்தம் கொடுக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பின்னால் வருவதாக ஜெயவேலு சொல்லியிருந்தார், அவரிடம் மீதியை அவள் இன்னும் சொல்லவில்லை. கங்கையம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எலெக்ட்ரிக் ரயிலில் அவள் ஏறியது அதற்கு முன் ஓரிரு தடவைதான் இருக்கும். கதவோரம் நிற்கிற பெண்களைப் பார்த்து, விழுந்து தொலைக்கப் போறாளுங்க என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். குரோம்பேட்டையில் ஏறிய சாமுண்டீஸ்வரிக்கு அவளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. பல்லாவரத்தில் ஏறிய தனம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாம்பலம் வரைக்கும் விடவில்லை.

கங்கையம்மாளும் வியாதிக்காரியாகத் தோதாகத்தான் நடந்துகொண்டாள். சாமுண்டீஸ்வரியைப் பார்த்து, கத்தி பட்டா பரவிடுமாமே என்று இழுத்தாள்.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு? அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. இப்ப எவ்வளவோ வந்துடுச்சு. தைரியமா பண்ணிக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள் சாமுண்டீஸ்வரி.

காந்திமதிக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் எதுவும் உறைக்காமல் இருந்தவளுக்கு முதன்முதலாக வந்தது கோபம்தான். முகத்துக்கு நேராக ஒரு நோயாளியைக் கண்டதும் வருகிற இந்த வார்த்தை, இத்தனை நாளும் இதே இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் வரவில்லை என்று சாமுண்டீஸ்வரியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிறகு, அவளுக்கு எப்படித் தெரியும், அவளுக்கு முன்னால் நோயாளியே இல்லையே, செய்திதானே இருந்தது என்றும் தோன்றியது. தோன்றியும் கோபம் போகவில்லை.

மாம்பலத்தில் தனம் கங்கையம்மாளின் நெற்றியில் விரலால் சிலுவை போட்டுவிட்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பதாக இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். யாரைக் கட்டிலில் பார்க்கப் போகிறார்கள் என்று காந்திமதி ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அதற்குமேல் நினைக்கத் திராணியில்லை. பார்க் ஸ்டேஷனில் இருவரும் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரி வாசற்படிவரை கங்கையம்மாள்தான் முன்னால் நடந்தாள். எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொருவராக அதிகாரமாய் விசாரித்தாள். வராந்தாக்களில் மூட்டையும் தூக்குப்பாத்திரமுமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வார்டுக்கு முன்னால் ஒரு மேஜைக்குப் பின்னால் வயசான நர்ஸ் ஒருத்தி இருந்தாள். காலையிலிருந்து எத்தனை பேரைக் கேட்டாளோ, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"பேஷண்ட் யாரு?"

காந்திமதி கங்கையம்மாளைப் பார்த்தாள். கங்கையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியைத் தாண்டியாகிவிட்டது. பழக்க தோஷம், 'நாத்தனாருக்கு' என்கிற வார்த்தை காந்திமதியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பின்னால் நின்ற ஒரு பெண், சீக்கிரம் சொல்லும்மா என்றாள்.

"நான்தான்" என்றாள் காந்திமதி.

நர்ஸ் அப்போதுதான் நிமிர்ந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது என்று காந்திமதி சொன்னாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். அதையும் சொன்னாள். வரச்சொன்ன தேதிக்கு ஏன் வரவில்லை என்று நர்ஸ் அதட்டினாள். புயல் என்று சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, நான்தான் வரல என்றாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குத் திரும்பி நாத்தனாரைக் காட்டினாள்.

கங்கையம்மாள் அங்கே நிற்கவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அத்தனை கெட்டிக்காரத்தனமாக நோயாளியாக இருந்தவள், துணிப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குக்கா அழறீங்க?" என்று காந்திமதி குனிந்து கேட்டாள்.

"உன் வாயால சொல்ற வரிக்கும் எனக்கே நம்பிக்கை வரலடி. நீ என்னை வம்புக்கு இழுக்கத்தான் அப்டி சொல்லியிருக்கணும்னு வேண்டிக்கினே வந்தேன்."

காந்திமதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. கங்கையம்மாளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். இருவருக்கும் உடனே எழுந்திருக்க முடியவில்லை.